மேரிலாண்ட் ரெனசான்ஸ் விழா: எந்த மேடையின் முன் உட்காருவது?

மீனாட்சி_கொலம்பியா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்துக் கிரவுன்ஸ்வில்லில், 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சந்தையைப் போல் வேடமும் மேடையுமாக நடைபெறும் மேரிலாண்ட் ரெனசான்ஸ் விழாவுக்குச் செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் செல்வதற்காக நுழைவுச்சீட்டு எடுத்திருக்கிறோம். கணவர், 9 வயது மகள், காரைக்குடியிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார் என்று குடும்பமாகப் போகிறோம். உணவைப் பற்றியும் கடைகளைப் பற்றியும் இணையத்தில் படிக்க நிறையவே கிடைக்கிறது. ஆனால் 10 மேடைகளில் காலை 10 மணியிலிருந்து மாலை 7 மணி வரை ஒரே சமயத்தில் பல நிகழ்ச்சிகள் நடக்கும் இடத்தில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று யாரும் பொறுமையாக எழுதியதாகத் தெரியவில்லை.

குதிரையேறி ஈட்டியால் மோதும் போட்டி முழுவதும் முன்கூட்டியே பேசிவைத்து நடத்தப்படுவது, அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அது சரியா? நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞர்கள் தொப்பியை நீட்டுவார்களாமே, அதில் எவ்வளவு போடுவது முறை?

அருளாளன் எழுதியது:

மீனாட்சி, இந்த விழா 1977-இல் மேரிலாண்டிலேயே உள்ள உங்கள் கொலம்பியா நகரில்தான் தொடங்கியது; 1985-இல் கிரவுன்ஸ்வில்லுக்கு இடம்பெயர்ந்தது. பல ஆண்டுகளாகப் போய்வருகிறவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். 3,000 பேர் அமரும் குதிரை அரங்கை ஒருமுறை பாருங்கள். மீதி நாள் முழுவதையும் மரநிழலில் பலகை போட்டிருக்கும் சிறு மேடைகளுக்கு ஒதுக்குங்கள். விழாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அந்த மேடைகளில் ஒரு நிகழ்ச்சி ஏறத்தாழ அரை மணி நேரம் நீடிக்கும். ஒரே கலைஞர் ஒரு நாளில் பல முறை மேடையேறுவார். ஆகவே எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று மேடையிலிருந்து மேடைக்கு ஓடாமல், நான்கைந்து நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் முதல் சொல்லிலிருந்து கடைசிக் கைதட்டல் வரை பாருங்கள். நடுவில் வந்து நடுவில் எழுந்து போகிறவர்களுக்கு ஒரு வித்தை மட்டும்தான் தெரியும். அந்த வித்தைக்காக ஒரு கூட்டத்தை அந்தக் கலைஞர் எப்படித் தயார் செய்தார் என்பது தெரியாமலே போய்விடும்.

கயிற்றில் நடக்கும் ஒருவரை நான் மூன்றாம் வரிசையிலிருந்து பார்த்தேன். இரண்டு மரக்கவைகளுக்கு இடையே கட்டிய கயிற்றை ஏறுவதற்கு முன் இடக்காலால் அழுத்திப் பார்த்தார். ஒரு பக்க முடிச்சைச் சற்றே இறுக்கினார். மறுபடியும் அழுத்தினார். இதற்கிடையே முன்வரிசைச் சிறுவன் ஒருவன் "நீங்கள் விழுந்ததுண்டா?" என்று உரக்கக் கேட்டான். அவர் வேலையை நிறுத்திவிட்டு அவன் எதிரே குந்தி அமர்ந்து, எந்த ஊரில் எந்தப் பக்கமாக விழுந்தார், எந்த விரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கூட்டம் சிரித்தது. ஆனால் அடுத்த நிமிடம் அவர் கயிற்றில் ஏறியபோது அங்கிருந்த ஒருவரும் அசையவில்லை. விரலைக் காட்டியது எழுதிவைத்த வசனமா, அப்போது தோன்றியதா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. அந்தத் திறமைக்காகத்தான் அங்கே போக வேண்டும் என்கிறேன்.

இவ்விழாக்களின் பிறப்பும் மேடையோடு சேர்ந்ததுதான். ஃபில்லிஸ் பேட்டர்சன் என்ற ஆசிரியை லாஸ் ஏஞ்சலஸின் லாரல் கேன்யன் பகுதியில் தம் வீட்டுக் கொல்லையில் குழந்தைகளுக்கு நாடகம் கற்பித்துவந்தார். இத்தாலியின் கொம்மேடியா டெல்லார்த்தே என்ற தெரு நாடக மரபைக் குழந்தைகளைக் கொண்டு நடிக்கவைத்ததிலிருந்து வளர்ந்த எண்ணத்தைத்தான், அவரும் கணவர் ரான் பேட்டர்சனும் 1963 மே மாதத்தில் கே.பி.எஃப்.கே. வானொலிக்கு நிதி திரட்டும் இரண்டு நாள் சந்தையாக நடத்திக் காட்டினார்கள். இன்று அமெரிக்கா முழுவதும் நடக்கும் விழாக்கள் அந்தச் சந்தையின் வழித்தோன்றல்களே. கடைத்தெருவை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள் அதன் வேரைப் பார்க்காமல் திரும்புகிறார்கள் என்பது என் வருத்தம்.

வரலாற்றுப்பித்தன் எழுதியது:

அருளாளன் அவர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே காண்பது வரலாறு அன்று. 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை ஆண்ட டியூடர் மரபு மன்னர் எட்டாம் ஹென்றியின் அரசவை வலம் வரும் அதே தெருவில் கடற்கொள்ளையரும் இறக்கை கட்டிய தேவதைகளும் உலாவுகிறார்கள். இத்தகைய விழாக்களின் பருந்து நிகழ்ச்சிகளில் கையுறையின் மேல் வந்து அமரும் பறவை பெரும்பாலும் ஹாரிஸ் வல்லூறு. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலங்களிலிருந்து சிலி, அர்ஜென்டினா வரை வாழும் பறவை அது; டியூடர் காலத்து இங்கிலாந்துக்காரர் எவரும் அதைக் கையில் ஏந்தியிருக்க வழியில்லை. கூட்டமாக வேட்டையாடும் இயல்பினால் மனிதருடன் எளிதில் பழகுகிறது, ஆகவே பயிற்றுநர்கள் அதை விரும்புகிறார்கள் என்பது உண்மைதான். ஆயினும் அதைப் பார்வையாளர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

ஈட்டிப் போட்டியைப் பற்றி எனக்கு இதைவிடப் பெரிய மனக்குறை உண்டு. 1559 ஜூன் 30 அன்று பாரிஸில் மகளின் திருமணக் கொண்டாட்டத்தில் ஈட்டிப் போட்டியில் இறங்கிய பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றியின் கண்ணில் மோன்கோமரி பிரபுவின் முறிந்த ஈட்டியின் சிம்பு பாய்ந்தது. பத்து நாட்கள் துடித்து ஜூலை 10 அன்று மன்னர் இறந்தார். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி 1536 ஜனவரி 24 அன்று கிரீனிச்சில் கவசத்தோடு குதிரையிலிருந்து விழுந்தார். ஓர் ஆட்சியின் போக்கையே திருப்பிய விளையாட்டு அது. அதை ஆரவாரமும் போலிச் சண்டையுமாகச் சுருக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

செந்தில்_லாயக்காரன் எழுதியது:

குதிரைகளோடு வேலை செய்கிறவன் என்பதால் இதில் மட்டும் குறுக்கிடுகிறேன். யார் வெல்வது, யார் விழுவது என்பது பெரும்பாலான விழாக்களில் முன்பே முடிவானதுதான்; ஈட்டியின் நுனியில் எளிதில் நொறுங்கும் பால்சா மரத்தைப் பொருத்துவார்கள் என்பதும் சரி. ஆனால் பேசிவைத்தது என்பதனால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. பெர்ஷெரான் போன்ற கனத்த இனத்துக் குதிரை ஒரு டன் எடைக்கு அருகில் வரக்கூடியது. அப்படிப்பட்ட இரண்டு குதிரைகள் நடுவேலியின் இருபுறமும் எதிரெதிராக ஓடிவரும்போது, எஃகுக் கவசத்துக்குள் ஒரு சிறு பிளவின் வழியாகப் பார்த்துக்கொண்டே எதிராளியின் கேடயத்தில் மட்டும் ஈட்டியைப் பொருத்த வேண்டும். கை நான்கு விரற்கடை மேலே போனால் தலைக்கவசம், கீழே போனால் குதிரையின் கழுத்து. கவசத்தோடு மண்ணில் விழுவதை யாராலும் நடிக்க முடியாது, விழத்தான் வேண்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது விழுகிறவரை அன்று, குதிரையை. கூட்டம் கத்துகிறது, கொடிகள் படபடக்கின்றன, முகத்துக்கு நேரே ஓர் ஈட்டி நீண்டு வருகிறது. வெருண்டு ஓடுவதையே இயல்பாகக் கொண்ட விலங்கு அது. அது விலகாமல் நேர்க்கோட்டில் ஓடுகிறது என்றால் அதன் பின்னால் எத்தனை மாதப் பயிற்சி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். போட்டிக்கு முன் சிறு வளையங்களை ஈட்டி முனையால் கோத்து எடுக்கும் பகுதி இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். அதில் நடிப்பே கிடையாது. வளையம் மாட்டும், அல்லது மாட்டாது. அந்த வளைய ஈட்டி விளையாட்டைத்தான் மேரிலாண்டு மக்கள் தலைமுறைகளாக ஆடிவருகிறார்கள். 1962-இல் ஈட்டி விளையாட்டு மாநிலத்தின் அதிகாரப்பூர்வ விளையாட்டாகவே அறிவிக்கப்பட்டது.

நிலவழகி எழுதியது:

வரலாற்றுப்பித்தன் ஐயா எழுப்பிய கேள்விக்கு, வேறொரு மாநிலத்து விழாவில் தெருப்பாத்திரமாக நடித்தவள் என்ற வகையில் பதில் சொல்ல விரும்புகிறேன். எனக்குத் துணி வணிகரின் மனைவி வேடம். எழுதிய வசனம் என்று ஒன்றும் இல்லை. நான் எந்த ஊர்க்காரி, துணி எங்கிருந்து வருகிறது, அரசியார் என்னைக் கடந்து போனால் எப்படி வணங்க வேண்டும், யாரிடம் கடன்பட்டிருக்கிறேன் என்பவற்றை விழாவுக்கு முன் வாரக்கணக்கில் பயிற்றுவித்தார்கள். அதன்பின் எதிரே வரும் பார்வையாளர் என்ன சொன்னாலும் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு கதையை அடுத்த படிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கைப்பேசியை நீட்டிப் படம் எடுப்பவரிடம் "இந்தச் சிறு கண்ணாடியில் என் முகம் சரியாகத் தெரிகிறதா?" என்று கேட்பது போல.

மேரிலாண்டில் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் ஓர் ஆண்டைத் தேர்ந்து, அந்த ஆண்டின் அரசியலையும் அரசியையும் வைத்துக் கதை அமைக்கிறார்கள். அடுத்த ஆண்டு விழாவில் கதை முன்னே நகர்கிறது. விஸ்கான்சின் மாநிலத்து பிரிஸ்டல் விழா, 1574-இல் அரசி முதலாம் எலிசபெத் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு வருகை தந்த நாளைக் களமாகக் கொண்டது. பருந்தும் பலகாரமும் காலத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் கலைஞனுக்கும் கூட்டத்துக்கும் இடையே உள்ள உறவு பழையபடியே இருக்கிறது. 1572-இல் இங்கிலாந்தில் வந்த சட்டம், பிரபு ஒருவரின் ஆதரவில்லாத நடிகர்களையும் வித்தைக்காரர்களையும் கரடி ஆட்டுவோரையும் நாடோடிக் குற்றவாளிகளாகத் தண்டிக்க இடம் கொடுத்தது. அப்படி ஊர் ஊராகத் துரத்தப்பட்டவர்கள் சந்தை நடுவில் நின்று, போகிற ஆளை நிறுத்தி, சிரிக்கவைத்துப் பிழைத்தார்கள். அதே வேலையை, அதே வெட்டவெளியில், ஒலிபெருக்கியும் இல்லாமல் செய்கிறவர்களை இன்று நேரில் காண முடிகிறது என்பதை நான் சிறிய பேறாக எண்ணவில்லை.

ரகு_பால்டிமோர் எழுதியது:

தொப்பி விஷயத்துக்கு வருவோம். நுழைவுச்சீட்டுக்குப் பணம் கட்டி உள்ளே வந்தபின் ஒவ்வொரு மேடையிலும் மறுபடி பணம் கேட்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஐந்து நிகழ்ச்சி பார்த்தால் செலவு எங்கே போய் நிற்கும்? கலைஞர்களுக்கு விழா நிர்வாகமே முறையாக ஊதியம் கொடுப்பதல்லவா நியாயம்?

அருளாளன் எழுதியது:

ரகு, உங்கள் கேள்வி நியாயமானது, மழுப்பாமல் பதில் சொல்கிறேன். ஒப்பந்தங்கள் இடத்துக்கு இடம் மாறும். பல கலைஞர்களுக்கு நிர்வாகம் ஓர் அடிப்படைத் தொகை தருகிறது. அவர்கள் வருமானத்தின் பெரும்பகுதி தொப்பியில் விழுவதைப் பொறுத்தது. பிப்ரவரியில் அரிசோனா, வசந்தத்தில் டெக்சஸின் வாக்சஹாச்சி, கோடையில் விஸ்கான்சின், பிறகு மேரிலாண்ட், அக்டோபர் நவம்பரில் ஹூஸ்டனுக்கு வடமேற்கே டாட் மிஷன் என்று வண்டியோடு நாட்டைச் சுற்றி வருகிறவர்கள் அவர்களில் பலர். வேலை வார இறுதிகளில் மட்டும். இடையில் உள்ள நாட்களில் பயணம், பழுது பார்த்தல், பயிற்சி. மழை பெய்து கூட்டம் குறைந்தால் அந்த வார வருமானம் போயிற்று.

இம்முறை பழமையானதும்கூட. 1545-இல் இத்தாலியின் பதுவா நகரில் எட்டு நடிகர்கள் சேர்ந்து எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. கிடைக்கும் பணத்தைப் பொதுப் பெட்டியில் சேர்ப்பது, ஊர் மாறும்போது சாமான் சுமக்க அதிலிருந்து ஒரு குதிரை வாங்குவது, நோயுற்றவருக்குப் பொதுப் பணத்தில் உதவுவது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியைப் போன்றதுதான் இந்தத் தொப்பி.

ஆனாலும் கையைப் பிடித்து யாரும் வாங்குவதில்லை. நல்ல கலைஞர் தம் மிகச் சிறந்த வித்தைக்குச் சற்று முன் நிறுத்தி, பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவார். இல்லாதவர்கள் கைகொடுத்துவிட்டுப் போங்கள், அதுவே போதும் என்று சொல்வார். பிறகு கடைசி வித்தையைச் செய்வார். அப்பேச்சைக் கவனியுங்கள்: ஒருவரையும் கூசவைக்காமல் நூறு பேரிடம் பணம் கேட்பது கயிற்றில் நடப்பதைவிடக் கடினமான கலை. எங்கள் குடும்பத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு ஆளுக்கு இரண்டு, மூன்று டாலர் என்று சில்லறை நோட்டாக மாற்றிக்கொண்டு போவோம். மனத்தைத் தொட்ட நிகழ்ச்சி என்றால் கூடுதலாகப் போடுவோம். நோட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். கலைஞர்கள் குழந்தைகளிடம் ஓரிரு சொல்லாவது பேசுவார்கள்.

1975 ஆகஸ்டில் மினசோட்டா மாநிலத்து ரெனசான்ஸ் விழாவில்தான் பென், டெல்லர் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து மேடையேறினார்கள். பிற்காலத்தில் லாஸ் வேகாஸின் பெரும் அரங்கை ஆண்ட மாயவித்தை இணை அது. அன்று அவர்கள் எதிரே பலகையில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. அவர்கள் போட்ட காசும் அந்தக் கலையை வளர்த்திருக்கிறது.

தேவகி எழுதியது:

வாள் விழுங்கும் நிகழ்ச்சி உங்கள் நாளில் இருந்தால் பாருங்கள் என்று பரிந்துரைக்கிறேன். ஜானி ஃபாக்ஸ் என்ற பெரும் கலைஞர் பல்லாண்டுக் காலம் மேரிலாண்ட் விழாவில் இதை நிகழ்த்திவந்தார். 2017 டிசம்பரில் மறைந்தார்.

மடங்கும் வாள், மறைக்கும் உறை என்று எந்தத் தந்திரமும் இதில் இல்லை. தலையை அண்ணாந்து வாயும் தொண்டையும் உணவுக்குழாயும் ஒரே கோட்டில் அமையச் செய்து, குமட்டலை நெடுங்காலப் பயிற்சியால் அடக்கி, மழுங்கிய விளிம்புள்ள உண்மையான வாளை உள்ளே இறக்குகிறார்கள். அது இதயத்தை ஒட்டிய பாதை வழியே போகிறது. பிரயன் விட்கோம்ப் என்ற மருத்துவரும் டான் மேயர் என்ற வாள் விழுங்கும் கலைஞரும் சேர்ந்து இக்கலைஞர்கள் 46 பேரிடம் விவரம் திரட்டி 2006-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை எழுதினார்கள். கவனம் சிதறும்போதும், பல வாள்களையோ வழக்கத்துக்கு மாறான வாள்களையோ விழுங்கும்போதும்தான் காயம் நேரும் வாய்ப்பு மிகுதி என்று அதில் கண்டறிந்தார்கள். ஆகவே வாள் உள்ளே இருக்கும் அந்தச் சில நொடிகளில் கூப்பிடுவதும் படமெடுக்கும் விளக்கைப் பளிச்சிடுவதும் கூடவே கூடாது.

தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தியும் இதில் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மக்களுக்கு இவ்வித்தையைக் காட்டி வியக்கவைத்தவர்கள் இந்திய வித்தைக்காரர்கள். அவர்களுள் பெரும்புகழ் பெற்றவர், ஆங்கிலச் சுவரொட்டிகளில் 'ராமோ சாமி' என்று அச்சான இராமசாமி. பல பந்துகளை மாறிமாறி வீசிப் பிடிப்பதிலும் வாள் விழுங்குவதிலும் நிகரற்றவராக விளங்கி, அமெரிக்காவிலும் நிகழ்ச்சி நடத்தி, 1850-இல் லண்டனில் வறுமையில் இறந்தார். மேலை மேடைகளில் இக்கலை ஊன்றியதில் அவருக்குப் பங்குண்டு. உங்கள் மாமனாரிடம் இதைச் சொல்லிவிட்டு அந்த நிகழ்ச்சிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மீனாட்சி_கொலம்பியா எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. இராமசாமியைப் பற்றி மாமாவிடம் சொன்னேன், மேலும் கேட்டுத் துளைக்கிறார்.

இரண்டு ஐயங்கள் உள்ளன. மாமாவுக்கும் அத்தைக்கும் ஆங்கிலம் அதிகம் புரியாது. பேச்சை நம்பியிருக்கும் நிகழ்ச்சிகளில் அவர்கள் சலிப்படைவார்களோ? சில மேடைகளில் இரட்டை அர்த்த நகைச்சுவை கொஞ்சம் தாராளம் என்றும் கேள்விப்பட்டேன். மகளோடும் பெரியவர்களோடும் உட்கார்ந்து பார்க்க முடியுமா?

நிலவழகி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், மீனாட்சி. இரட்டை அர்த்தப் பேச்சு உண்டு. அந்தக் காலத்துச் சந்தை நாடகமும் அப்படித்தான் இருந்தது. பெரியவர்களுக்கானவை எவை என்பதை விழா நிகழ்ச்சி நிரலில் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் மேடை அருகிலுள்ள பணியாளரைக் கேளுங்கள், கூச்சப்படாமல் சொல்வார்கள். மதுக்கூடத்தை ஒட்டிய மேடைகளையும் மாலையில் அங்கே நடக்கும் பாட்டையும் குழந்தையோடு தவிர்க்கலாம்.

பெரியவர்களுக்குக் கயிறு, பந்து வித்தை, தீச்சாட்டை, பருந்து, குதிரை ஆகியவை மொழி தெரியாமலே புரியும். இசைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஷாம் என்ற பழைய ஐரோப்பியக் குழல் கருவி எங்காவது ஒலித்தால் அத்தையை அருகே அழைத்துப் போங்கள். நாகசுரத்தைப் போலவே இரட்டைச் சீவாளியும் கூம்பு வடிவக் குழலும் கொண்ட கருவி அது, வெட்டவெளிக்கென்றே பிறந்த ஓசை.

கலைஞர் யாரையாவது மேடைக்கு அழைப்பது வழக்கம். விருப்பமில்லை என்றால் தலையை அசைத்தால் போதும், தேர்ந்தவர்கள் உடனே வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். மகளுக்கு ஆசையிருந்தால் நடைபாதை ஓரமாக முன்வரிசையில் உட்காரவையுங்கள், அழைக்க வசதியாக இருக்கும்.

வரலாற்றுப்பித்தன் எழுதியது:

செந்தில் எழுதிய குதிரைப் பயிற்சி விவரமும் நிலவழகியின் விளக்கமும் எனக்குப் பயனுள்ளவை. வல்லூறைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. நிகழ்ச்சிக்குப் பின் பயிற்றுநரிடம் அந்தப் பறவை எந்த நிலத்தது என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள், பயிற்றுநர்கள் மறைக்காமல் விளக்குவார்கள். அங்கே ஷேக்ஸ்பியர் நாடகச் சுருக்கங்களும் நடிக்கப்படுவதுண்டு. 1599-இல் எழுந்த குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்தவர்கள் திறந்த முற்றத்தில் நின்றுகொண்டே பார்த்தார்கள். வெயிலும் இரைச்சலும் நடுவே அந்த வசனத்தைக் கேட்பது, குளிரூட்டிய அரங்கில் கேட்பதைவிட மூலத்துக்கு நெருக்கமானது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

செந்தில்_லாயக்காரன் எழுதியது:

குதிரை அரங்குக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பெரியவர்கள் ஏறி இறங்கச் சிரமப்படாமல் கீழ்ப் படிகளில் இடம் பிடிக்கலாம். நடுவேலியின் மையத்துக்கு நேரே உட்கார்ந்தால் மோதல் கண்ணெதிரே நடக்கும்.

அருளாளன் எழுதியது:

கடைசியாக ஒன்று. விழா மழையிலும் நடக்கும், சீட்டுப் பணம் திரும்பாது. தூறலென்றால் தயங்காமல் போங்கள். கூட்டம் குறைந்த நாளில் கலைஞர்கள் இன்னும் நெருங்கிவந்து ஆடுவார்கள். குடைக்குப் பதில் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், குடை விரித்தால் பின்வரிசைக்காரருக்கு மேடை தெரியாது.